மாஸ்கிங் ஃப்ளூயிட் வாங்க இருப்பவர்கள் வாசியுங்கள்: 12,400 ரூபாய் போச்சு

ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் நீர்வண்ணத்தில் வரைகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். நல்ல தாளும் மாஸ்கிங் ஃப்ளூயிட்டும் (வண்ணம் படாமல் தாளைக் காக்கப் பூசி, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) வேண்டுமென்றால் நாம் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் இந்த இணையக் கடைக்காரர்கள் காசாக்குகிறார்கள்.

சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பெரிதாக வரைந்து தரும்படி ஒருவர் கேட்டிருந்தார். தலவாக்கலையில் பிறந்து இப்போது வெளிநாட்டில் இருப்பவர். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வருவதற்கு முன்னால் பாறை முழுக்கத் தண்ணீர் விரிந்து விழுந்ததே, அந்தக் கோலத்தில்தான் வேண்டும் என்றார். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். அத்தனை தாரைகளையும் தூரிகையால் தப்பவிட்டுக்கொண்டே போக முடியாது. முதலில் மாஸ்கிங் ஃப்ளூயிட்டால் மூடிவிட்டு, மேலே வண்ணம் போட்டு, காய்ந்ததும் உரித்தெடுக்க வேண்டும்.

ஓவியப் பொருட்கள் விற்கும் ஒரு இணையக் கடைக்குக் கோல் எடுத்தேன். எடுத்தவர் தமிழில் பேசினார். ஹட்டன் என்றதும், "அக்கா நீங்க நம்ம பக்கமா? எங்க அம்மா பொகவந்தலாவதான்" என்றார். தோட்டத்தின் பெயரைக்கூடச் சொன்னார். சரக்கு புதுசா, சீல் இருக்குமா என்று நான் தெளிவாகக் கேட்டேன். "நேத்துத்தான் பெட்டிய உடைச்சோம் அக்கா. நம்ம ஆளுங்களுக்குப் போய் பழசு அனுப்புவேனா?" அந்த ஒரு வார்த்தையில் நம்பினேன். ஒரு போத்தல், பெரிய பருத்தித் தாள்கள், கூரியர் செலவு எல்லாம் சேர்த்து 12,400 ரூபாய். வங்கியில் போட்டு ஸ்லிப்பையும் அனுப்பினேன்.

போத்தல் வந்தது, சீல் இல்லை. உடனே கேட்டேன். "பெரிய போத்தல்ல இருந்து ஊத்திக் குடுக்குறது அக்கா, சாமான் ஒண்ணுதான், தைரியமாப் பாவிங்க" என்றார்.

அதை நம்பிப் பூசி, மேலே வண்ணம் போட்டேன். பாறைகளும் காடும் நினைத்ததைவிட நன்றாக வந்தன. ஈரப் பாறையின் கருமையை இவ்வளவு சரியாக நான் இதற்கு முன் பிடித்ததில்லை. மறுநாள் காலையில் கிரேப் றப்பர் துண்டால் தேய்த்தால் மாஸ்கிங் ஃப்ளூயிட் உரியவே இல்லை. பிசுபிசுவென்று பழுப்பாக இழுபட்டது. பிறகு தாளின் தோலோடு சேர்ந்து கிழிந்து வந்தது. அருவி விழ வேண்டிய இடம் முழுக்கப் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கிறது. அதில் இனி எந்த வண்ணமும் நிற்காது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "போட்டோ அனுப்புங்க." அனுப்பினேன். "சேர் வந்ததும் காட்டுறேன்." சேர் வரவே இல்லை. பிறகு வேறொரு பிள்ளை பேசினார்: "பாவிக்கத் தெரியாமப் பாவிச்சா நாங்க பொறுப்பில்ல மிஸ்." அதுவரை அக்காவாக இருந்தேன். அடுத்த ஓடருக்குக் கழிவு தருவார்களாம்! என் 12,400 ரூபாயைக் கேட்டதும் நம்பரைத் தடுத்துவிட்டார்கள்.

பாவிக்கத் தெரியாதாமே! காய்ந்த தாளில்தான் பூசினேன். ஹேர் டிரையர் காட்டவில்லை. ஒரு இரவுக்கு மேல் விடவும் இல்லை. இன்னும் கேளுங்கள்: என் பழைய போத்தலில் மிச்சமிருந்த துளியை அதே தாளின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். தழும்பே இல்லாமல் உரிந்தது. தாளில் பிழை இல்லை, என் கையிலும் பிழை இல்லை.

மாஸ்கிங் ஃப்ளூயிட்டில் பெரும்பாலானவை அடிப்படையில் றப்பர் பால்தான். அது உறைந்துவிடாமல் காப்பது அதில் கலந்திருக்கும் அமோனியா. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் றப்பர் தோட்டங்களில் வேலை செய்த சொந்தக்காரர்கள் இருந்தால் கேளுங்கள், சொல்வார்கள். போத்தல் மாற்றி ஊற்றித் திறந்து திறந்து மூடினால் அமோனியா போய்விடும், பால் திரளத் தொடங்கும். திரண்டதைத் தண்ணீர் ஊற்றிச் சரியாக்க முடியாது. தெரிந்துகொண்டேதான் இதை விற்கிறார்கள்.

என்னென்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சீல் இல்லாத போத்தலைத் தொடாதீர்கள். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை இல்லையென்றால், நூல் நூலாக இழுபட்டால், திருப்பி அனுப்புங்கள். குலுக்காதீர்கள். தாளின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து உரித்துப் பாருங்கள். முன்பணம் வேண்டாம், பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் அழையுங்கள். நான் நாளைக் காலையில் ஸ்லிப்போடும் போட்டோக்களோடும் முறைப்பாடு கொடுக்கிறேன். 12,400 ரூபாயை விடப்போவதில்லை.