ஸ்பிட்டிக்கு ஐந்து பேர்: எந்த வண்டி, எந்த வழி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். அந்த நேரத்தில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்துதான் இமாச்சலப் பிரதேசத்தின் உயரமான மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிட்டிக்குப் போகும் பயணத்தைத் திட்டமிட்டோம். செப்டம்பரில் போவதில் ஐந்து பேருக்கும் சம்மதம். எதில் போவது, எந்தப் பக்கமாக ஏறுவது என்பதில்தான் மூன்று வாரம் ஓடிவிட்டது.

அண்ணனுக்குத் தன் பொலேரோவிலேயே போக ஆசை. பிஒய்-01 என்ற நம் புதுச்சேரி நம்பர் வண்டி, மணாலிக்கும் ஸ்பிட்டிக்கும் நடுவே உள்ள குன்சும் கணவாயில் நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கிருந்து மணாலிக்கு 2,800 கிலோமீட்டருக்கு மேல். போக ஐந்து நாள், வர ஐந்து நாள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தாலும், மலை ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் மட்டும் 460 லிட்டருக்கு மேல் டீசல். பதினைந்து நாள் லீவு போட்டால் மலைக்கு மிஞ்சுவது ஐந்து நாள். அதைவிட, ஐந்து நாள் ஓட்டிக் களைத்தவரே ஒற்றை வண்டி அகலப் பாதையிலும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாத லீவு கிடைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

இரண்டாவது, ஏஜென்சி வண்டியில் தலைக்கு ஒரு சீட்டு. துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி, மறுக்கவில்லை. என் சித்தப்பா மகன் அப்படிப் போனான். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் இறங்கிய ராத்திரியே, உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி, வாந்தி. மறுநாள் மற்றவர்களுக்கு அடுத்த ஊரில் ரூம் போட்டாகிவிட்டது என்று இவனையும் ஏற்றிக்கொண்டு இன்னும் மேலே போனார்கள். அதைக் கேட்டதிலிருந்து, உடம்பு முடியாதவருக்காக நிற்காத வண்டியில் நான் ஏறுவதில்லை.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி. டெல்லிக்கு ரயில், அங்கிருந்து சிம்லா, அப்புறம் அந்த ஊர் டிரைவரோடு முழு வண்டி வாடகை. எந்த ஓடையில் எந்த நேரம் தண்ணீர் ஏறும், எந்த வளைவில் கல் விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பேசும்போது டீசல், டிரைவர் பேட்டா, அவர் தங்கும் செலவு எல்லாம் வாடகைக்குள் வருமா என்று கேட்டு விடுங்கள். சிம்லாவில் ஏறி மணாலியில் இறங்கினால், வண்டி காலியாகத் திரும்பும் செலவும் உங்கள் தலையில்தான் விழும். அதையும் முன்பே பேசி முடியுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஓன் போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவான வண்டி, எடுக்காதீர்கள். வாடகைக்கு ஓடிய ஓன் போர்டு வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் வருவது கஷ்டம்.

சீட்டு விஷயமும் சின்ன விஷயம் இல்லை. சுமோவின் கடைசி சீட்டில் முட்டி மடக்கி எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் நல்ல நட்பும் கசக்கும். ஒரு நோட்டில் நாள்வாரியாக யார் முன்னால், யார் கடைசியில் என்று எழுதிக்கொண்டோம். அடியில் இன்னொரு வரி: ஒருவருக்கு மூச்சுத் திணறினாலும் வண்டி கீழே இறங்கும், யாரும் வருத்தப்படக் கூடாது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இனி வழி. மணாலியிலிருந்து காசா சுமார் 200 கிலோமீட்டர், சிம்லாவிலிருந்து 400-க்கு மேல். தூரத்தைப் பார்த்தால் மணாலிதான் கிட்ட. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாய் ஏற வேண்டியதும் இல்லை. ஆனால் மணாலியில் 2,000 மீட்டரில் தூங்கி எழுந்தவர் அன்றைக்கே 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சுமைத் தாண்டி, 3,600 மீட்டருக்கு மேலுள்ள காசாவில் படுக்க வேண்டும். கடல் மட்டத்திலேயே வாழ்கிற நம் உடம்புக்கு இது பெரிய தாவல். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

சிம்லாவிலிருந்து கின்னோர் மாவட்டம் வழியாக ஏறினால் அந்தக் கணக்கு தானாகவே அமைகிறது. ராத்திரி தங்கும் ஊர்களின் உயரம் மீட்டரில்: சிம்லா 2,200, கல்பா 2,960, தாபோ 3,280, பிறகு காசா. தாபோவில் 996-இல் கட்டிய மண்சுவர் மடாலயம் இருக்கிறது, அதற்காகவே ஒரு ராத்திரி தங்கலாம். ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், மழையில் மலை சரியும். திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும், அப்போது குன்சும் வழியாக மணாலிக்கு இறங்கலாம். காசாவை விட்டு விடியும் முன்பே கிளம்புங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, குன்சும் தாண்டி வரும் பாத்தால் என்ற இடத்துக்குக் கீழே பாதையைக் குறுக்கே வெட்டும் ஓடைகளில் தண்ணீர் கூடிவிடும். டீசலைக் காசாவிலேயே நிரப்பிவிடுங்கள், அடுத்த பங்க் மணாலிப் பக்கம்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று. நம் குழுக்களில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவராவது இருப்பார். இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, அவருக்குத் தேவை. கல்பாவுக்குப் பக்கத்தில் உள்ள ரெக்காங் பியோ ஊரில் வாங்கலாம், ஆனால் கொடுப்பது அரசு அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை திறக்காது. எங்கள் திட்டத்தில் முதலில் அந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது, அதற்காகவே ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டோம்.