சிவப்பு பலூன்: மலைப் பள்ளிகளில் திரையிட 34 நிமிடப் படம்

ஆல்பர் லமோரிஸ் 1956இல் எடுத்த பிரெஞ்சுப் படம். வசனம் மிகக் குறைவு. தமிழ், படுகு, மலையாளம் என்று வீட்டுக்கு வீடு மொழி மாறும் கோத்தகிரி, கூடலூர் பள்ளிகளில் மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போடலாம்.

விளக்குக் கம்பத்தில் சிக்கிய பலூனை ஒரு பையன் அவிழ்த்துவிடுகிறான். அது நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே வருகிறது. இவ்வளவுதான் கதை. இதற்குத்தான் முழுநீளப் படங்களோடு போட்டியிட்டுச் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது. மழையில் பலூன் நனையக் கூடாதென்று, தெருவில் போகிறவர்களின் குடைக்கடியில் அதை ஒண்டவைத்து நடக்கிறான் பாருங்கள், ஆடி மாதம் குடையோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம்.

சாம்பல் பூத்த பாரிஸ் தெருக்களுக்கு நடுவே அந்தச் சிவப்புதான் படத்தின் உயிர். திரையிடலில் முதலில் கெடுவதும் அதுதான். பச்சை அடித்த வகுப்பறைச் சுவரில் நேரடியாகப் போட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். எட்டு முழ வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சம் பின்னால் போய்விடும். மடித்தால் ஏறக்குறைய ஆறடிக்கு நாலடி வரும், 4:3 அளவுள்ள (அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு) இந்தப் படத்துக்குப் பொருத்தம். பலூன் முட்டை வடிவில் தெரிந்தால் புரொஜெக்டர் படத்தை அகலவாக்கில் இழுக்கிறது என்று அர்த்தம். அமைப்பில் 4:3க்கு மாற்றுங்கள். ஜன்னல்களைக் கம்பளியால் மூடிவிடுங்கள்.

குளிரில் இருந்த புரொஜெக்டரைப் பிள்ளைகள் நிறைந்த அறைக்குக் கொண்டுவந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைக்காதீர்கள், கீறல் விழும். அரை மணி நேரம் முன்பே உள்ளே வைத்துவிட்டால் போதும். தகரக் கூரையில் மழை பெய்தால் புரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கர் எடுபடாது, தனி ஸ்பீக்கர் வேண்டும். வசனம் இல்லாத இடங்களை இசைதான் தாங்குகிறது.

குறை என்றால், கடைசிப் பகுதி சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடுமை. கல்லடி பட்ட பலூன் உடனே வெடிப்பதில்லை. தோல் சுருங்கிச் சுருங்கி இறங்குகிறது, பிறகு வேறொரு பையன் காலால் மிதிக்கிறான். சில பிள்ளைகள் அழுதுவிடும். அந்த இடத்தில் நிறுத்திச் சமாதானம் சொல்லாதீர்கள். அடுத்த சில நிமிடங்களில் பாரிஸின் பலூன்கள் எல்லாம் பலூனை இழந்த பையனைத் தேடி வருகின்றன; அழுத பிள்ளை அதைத் தானே பார்க்க வேண்டும்.

படம் முடிந்ததும் பலூன் கொடுத்துப் பறக்கவிடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அது சோலைக்குள் போய் விழும், காட்டெருமை தின்னும். சிவப்புக் கிரேயானும் வெள்ளைத் தாளும் கொடுங்கள்.