இளைஞர்களை அரசியலுக்குக் கொண்டுவர எது நல்ல வழி: ஒதுக்கிய இருக்கையா, வேட்புமனுவில் பங்கா?

ருவாண்டாவின் 2003 அரசியலமைப்பு, 80 பேர் கொண்ட நாடாளுமன்றக் கீழவையில் 2 இடங்களை இளைஞர்களுக்கு ஒதுக்கியது. தேசிய இளைஞர் பேரவைதான் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. இடம் நிச்சயம், ஆனால் இருவர் மட்டுமே. அதோடு, தெருவில் இறங்கி வாக்குக் கேட்ட அனுபவமும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இலங்கை வேறு வழியில் போனது. உள்ளூராட்சித் தேர்தலில் கட்சிகளின் வேட்புமனுவில் கால் பங்கு 35 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என 2023இல் சட்டம் வந்தது. வெற்றிக்கு உத்தரவாதமில்லைதான். பட்டியலை நிரப்ப மட்டும் பெயர் சேர்க்கும் கட்சிகளும் இருக்கும். சரி, ஆனாலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார்கள். போரில் நொந்த ஊர்களில் அந்தப் பழக்கம் பெரிய விஷயம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் இலங்கை வழியையே எடுப்பேன். வெல்லக்கூடிய வட்டாரங்களையும் கட்சிகள் இளைஞருக்குத் தர வேண்டும்.