பூனை கேரியர், மூன்று வருடம் கழித்து: எல்லாம் சரி, அந்த ‘டக்’ தவிர

ஆவடியில் இருக்கும் தோழி நேற்று இரவு ஒரு படம் அனுப்பினாள். “நீ வச்சிருக்கிறது இதானே? 2,400 போட்டிருந்தான், இப்ப 1,750க்குத் தர்றான். வாங்கட்டுமா?” அதேதான், பூனையைத் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி. அதே சாம்பல் மூடி, அதே கம்பிக் கதவு. என் வலது முன்கையில் சனிக்கிழமை வாங்கிய மூன்று கீறல்கள் இன்னும் ஆறவில்லை. அதனால் இன்று நான் நியாயமாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நீளம், அகலம், எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. கெட்டி பிளாஸ்டிக். மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகக் கழலும். சுற்றிவர எட்டு கிளிப். 2022 ஆகஸ்டில் கேரியர் வாங்கப் போகிறேன் என்றதும் அம்மா, “மூணடுக்கா, நாலடுக்கா?” என்று கேட்டாள். சாப்பாட்டுக் கேரியரே வாங்கியிருக்கலாம். அதன் கிளிப் இவ்வளவு சத்தம் போடாது.

வாங்கியது சுந்தரிக்காக. எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், படிக்கட்டுக்கு அடியில் கிடைத்த வரிப்பூனை, ஏழெட்டு மாதம் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே குண்டு, அல்லி, மிளகு என்று மூன்று பேர். மூன்றாவது மாடி, 760 சதுர அடி. சுந்தரி உள்ளே வந்த அன்று வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனவள், பதினோரு நாள் அங்கேயே இருந்தாள். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் தட்டு காலியாக இருக்கும். ஆனால் காலி செய்தது குண்டு. ஒரு பூனை மட்டும் இருக்கும் வீட்டில் யார் சாப்பிட்டது, யார் மணல் தட்டுக்குப் போனது என்ற கேள்வியே வராது. நாலு பூனை இருந்தால் துப்பறிய வேண்டும். பூனை இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, ஏதோ கொஞ்சம் அவளுக்கும் கிடைத்திருக்கிறது.

அவர் சொன்னபடி என் அறையை அவளுக்கு மட்டும் ஒதுக்கிக் கதவைச் சாத்தினோம். தனித் தண்ணீர், தனிச் சாப்பாடு, தனி மணல் தட்டு. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் எத்தனையோ அத்தனை தட்டு வேண்டும் என்பது கணக்கு. “மனுஷங்களுக்கு ரெண்டு பாத்ரூம், பூனைங்களுக்கு அஞ்சா?” என்றாள் அம்மா. அவளே போய் ஐந்தாவது தட்டையும் வாங்கி வந்தாள், அது வேறு விஷயம்.

கேரியர் தன் வேலையைக் காட்டியது இங்கேதான். கதவைக் கழற்றிவிட்டு, கிளிப் எதுவும் போடாமல் மூடியைச் சும்மா மேலே வைத்து, உள்ளே அம்மாவின் பழைய நூல்புடவையை மடித்துப் போட்டு, மேஜைக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை உள்ளே இரண்டு கண்கள். அப்புறம் அதுதான் அவள் வீடு. மறைந்துகொள்ள இடம் கிடைத்தால் பூனை சீக்கிரம் தெளியும் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து, பெட்டி கிடைத்தவை வேகமாகத் தெளிந்ததாக உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014இல் எழுதியிருக்கிறார்கள். ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து வெளியே போட்டுக் கொஞ்சினால் பழகிவிடும் என்று சொல்லும் உறவினர்கள் இதைப் படித்தால் தேவலை. எங்கள் வீட்டுக்கு வந்த சித்தி ஒருத்தி கையை விட்டு இழுத்துப் பார்த்தாள். ஒரு வாரப் பழக்கம் ஒரே நிமிடத்தில் போயிற்று.

இதற்கிடையே பிளக்கில் செருகினால் பூனையைச் சாந்தப்படுத்தும் வாசனையைப் பரப்பும் ஃபெரோமோன் மருந்தும் வாங்கிப் பார்த்தேன். ஒரு பாட்டில் ஒரு மாதம் வரும். மின்விசிறி ஓட, பால்கனிக் கதவு திறந்திருக்க, அது பூனைக்குப் போனதா பக்கத்து வீட்டுக்குப் போனதா என்று தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் வாங்கவில்லை.

சரி, அறைக் கதவைத் திறந்ததும் அடுத்த பிரச்சினை. குண்டு கேரியரின் வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான். உறுமவில்லை, அடிக்கவில்லை, சும்மா படுத்திருந்தான். ஐந்து கிலோ கடுவன் வாசலை அடைத்துப் படுத்தால் உள்ளே இருப்பவளுக்கு அது வீடில்லை, பொறி. பூனைகள் சண்டை போடாமலே சண்டை போடும் விதம் இது. பல நாள் நான் அதைப் பாசம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பல பூனைகள் இருக்கும் வீட்டில் ஒளியும் இடத்துக்கு இரண்டு வழி வேண்டும். இந்தக் கேரியருக்கு ஒரே வழி. கடைசியில் மூடியை எடுத்துவிட்டுக் கீழ்பாதியை மட்டும் மேஜைக்கு அடியில் வைத்து, மேஜையின் முன்பக்கம் புடவையைத் தொங்கவிட்டேன். இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் ஒரு வழி. குண்டு ஒரு பக்கம் வந்தால் அவள் மறுபக்கம் போவாள். பத்துப் பதினைந்து நாளில் அவனுக்கே அலுத்துவிட்டது.

இதுவரை எல்லாம் நல்லதுதான். அந்த ‘டக்’ இனிமேல்தான்.

2023 அக்டோபரில் சுந்தரி மணல் தட்டுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். உட்காருவாள், இரண்டு சொட்டு வரும், எழுந்திருப்பாள். மன அழுத்தத்தாலேயே பூனைக்குச் சிறுநீர்ப்பை வீங்கும். கடுவனாக இருந்தால் அடைப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவள் கீழ்பாதியில்தான் படுத்திருந்தாள், எவ்வளவு வசதி! மூடியை மெதுவாக மேலே வைத்தேன். அசையவில்லை. கதவை மாட்டினேன். அசையவில்லை. முதல் கிளிப்பை அழுத்தினேன். டக். துப்பாக்கி வெடித்த மாதிரி. இன்னும் பூட்டாத பக்கத்தில் மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு பறந்து பரணில் ஏறிவிட்டாள். இறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

யாருக்காக இதை வடிவமைத்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. சத்தத்துக்குப் பயப்படும் ஒரு பிராணியைச் சுமக்கத்தான் இந்தச் சாமான். அதைப் பூட்ட எட்டு வெடி. மெதுவாக அழுத்தினால் பூட்டாது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் ஒரேயடியாகப் பாய்ந்து விழும். துணி சுற்றிப் பார்த்தேன், மெழுகு தடவிப் பார்த்தேன், தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். தேங்காயெண்ணெயை அல்லி நக்கியதுதான் மிச்சம். தயாரித்தவர்களுக்கு எழுதினேன். ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்த வாங்குதலில் தள்ளுபடி என்று பதில் வந்தது.

நியாயம் பேசினால், டாக்டரின் மேஜையில் இதுபோல உதவும் சாமான் வேறில்லை. கதவு வழியாகப் பூனையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மூடியைத் தூக்கிவிட்டு, அவள் தன் புடவையிலேயே படுத்திருக்க, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, அங்கேயே பரிசோதித்து ஊசியும் போட்டுவிடுகிறார். இப்போதெல்லாம் கிளம்பும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் கொடுக்க அவர் ஒரு மாத்திரையும் எழுதித் தருகிறார். அவள் எடைக்கு அவர் சொன்ன அளவு. அப்படியும் முதல் ‘டக்’குக்கு அவள் தட்டையாகிவிடுகிறாள்.

திரும்பி வந்தால் மற்ற மூவரும் அவளைப் பார்த்துச் சீறுவார்கள். ஆளைத் தெரியாமல் இல்லை, ஆஸ்பத்திரி வாசனை. அதனால் அன்று ராத்திரி அவளுக்குத் தனியறை. கேரியரை வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். ஒருமுறை அம்மா ஃபினாயில் பாட்டிலைத் திறந்துவிட்டாள், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அந்த வகைச் சாமானைப் பூனையின் ஈரலால் சரியாகச் செரித்து வெளியேற்ற முடியாது.

தீபாவளியையும் சொல்லிவிடுகிறேன். காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று அரசு நேரம் குறிக்கிறது. எங்கள் தெரு கடிகாரம் பார்ப்பதில்லை. 2022இல் சுந்தரி இரண்டு நாள் பரணில் இருந்தாள். 2024இல் சாயங்காலம் பூராவும் மேஜைக்கு அடியில் தன் கீழ்பாதியிலேயே சுருண்டிருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே வந்து என் காலடியில் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டாள். அதற்காக இந்தப் பெட்டிக்கு எதையும் மன்னிக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

போன சனிக்கிழமை தடுப்பூசி. வழக்கம்போல எட்டு ‘டக்’, அதில் மூன்றாவதுக்கு என் கை. திரும்பி வரும்போது லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கதவுத் தாழ்ப்பாளின் ஸ்பிரிங் தெறித்து எங்கோ போயிற்று. திறந்த கதவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை கதவை கேபிள் டை போட்டுக் கட்டினேன். கட்டும்போதே கோபம் தலைக்கேறி, எட்டுக் கிளிப்பையும் திருப்புளியால் நெம்பி எடுத்தேன். கிளிப் இருந்த துளைகளில் அம்மாவின் பாவாடை நாடாவைக் கோத்தேன். எட்டு இடத்திலும் முடிச்சு. சுந்தரி உள்ளே படுத்திருந்தபோதே கட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

பத்து ரூபாய் நாடா. மூன்று வருடம்.

ஐந்துக்கு இரண்டு. போன வெள்ளிக்கிழமை கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். தோழிக்கு முதலில் “வேண்டாம், வாங்காதே” என்றுதான் அனுப்பினேன். அவளோ அதற்குள் பணம் கட்டிவிட்டாளாம். சரி, வந்ததும் தாழ்ப்பாளைச் சோதித்துப் பார், மூடியைக் கழற்றி மேஜைக்கு அடியில் போடு, கிளிப்பைக் குப்பையில் போடு. நாடா இங்கே நிறைய இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்.