லினக்ஸ் மேல் பழி போடும் கடைக்காரரை நம்பாதீர்கள்: வெப்கேம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கணினிக் கடையில், "ஃபுல் எச்டி 1080பி, ஆட்டோஃபோகஸ்" என்று பெரிதாக அச்சடித்த கறுப்புப் பெட்டியில் ஒரு வெப்கேம் விற்கிறார்கள். விலை 129 வெள்ளி (ரிங்கிட்). தயாரித்த நிறுவனத்தின் பெயர் பெட்டியில் எங்கும் இல்லை. தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே இருப்பது 1080பி கேமராவும் இல்லை, ஆட்டோஃபோகஸ் கேமராவும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "உங்க லினக்ஸ்தான் பிரச்சினை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடும் இலவச இயங்குதளம். பொருள் போலி என்பதைவிட இந்தப் பதில்தான் எனக்கு ஆத்திரம். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் பலர் இதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

நான் எஸ்.பி.எம். தேர்வின் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டுக்கும் டியூஷன் நடத்துகிறேன். எல்பில், ஹீவூட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் இரவில் டவுனுக்கு வந்து போவது சிரமம், அதனால் வாரநாள் வகுப்பு எல்லாம் கூகுள் மீட்டில்தான். பிள்ளைகளின் கட்டுரைத் தாளைக் கேமராவுக்குக் கீழே வைத்து, சிவப்புப் பேனாவால் திருத்திக் காட்டுவேன். எங்கே ஒற்று விட்டிருக்கிறது, எங்கே றகரத்துக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கிறது என்று அவர்கள் திரையில் பார்க்க வேண்டும். புள்ளி தெரியாத கேமராவை வைத்துக்கொண்டு தமிழ் சொல்லித்தர முடியாது. என் மடிக்கணினியோ பழசு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது, விண்டோஸ் 11 அதில் ஏறாது. லினக்ஸ் மின்ட் போட்டபிறகு நன்றாகவே ஓடுகிறது.

கடையில் இருந்த தம்பியிடம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். லினக்ஸில் ஓட வேண்டும், 1080பி வேண்டும், தாளைக் கிட்டே வைத்தால் தானாக ஃபோகஸ் ஆக வேண்டும். "எல்லாத்துலயும் ஓடும் டீச்சர், பிளக் அண்ட் பிளே" என்றார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். சீலை உடைத்தால் வாங்கியே ஆக வேண்டுமாம். "அப்படியானா நீங்க சொன்னதை பில்லுல எழுதிக் குடுங்க தம்பி" என்றேன். 1080பி, ஆட்டோஃபோகஸ், லினக்ஸ் ஓகே என்று எழுதி, கடை முத்திரையும் வைத்துக் கொடுத்தார். இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே பலம் அந்த பில்தான். நீங்களும் இதை அவசியம் செய்யுங்கள்.

வீட்டில் செருகியதும் படம் வந்துவிட்டது. இதைக் கவனியுங்கள். லினக்ஸ் அந்தக் கேமராவை உடனே அடையாளம் கண்டது, டிரைவர் (கருவியை ஓட்டும் மென்பொருள்) எதுவும் கேட்கவில்லை. யூஎஸ்பி கேமராக்களுக்கு யூவிசி என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. அதன்படி செய்த கேமராவாக இருந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் தனி டிரைவர் தேவையில்லை. லினக்ஸில் அதற்கான டிரைவரின் பெயர் யூவிசிவீடியோ. 2008இல் வந்த 2.6.26 பதிப்பிலிருந்து அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. இத்தனை வருடம் கழித்தும் "லினக்ஸ் கேமராவை எடுக்காது" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது எதையோ மறைக்கிறார்.

படம் வந்தது, ஆனால் எழுத்து மங்கல். கேமரா எந்தெந்த அளவில் படம் தரும் என்று கேமராவிடமே கேட்க லினக்ஸில் வழி உண்டு. ஜியூவிசிவியூ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், வீடியோ கட்டுப்பாடுகள் என்ற பகுதியில் பட்டியலே இருக்கும். கட்டளை தட்டத் தெரிந்தவர்கள் வி4எல்2-சிடிஎல் பயன்படுத்தலாம், அதே விவரம்தான். என் கேமராவின் பட்டியலில் ஆகப் பெரிய அளவு 640×480. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 640×480 என்றால் 3,07,200 புள்ளிகள். 1080பி, அதாவது 1920×1080 என்றால் 20,73,600. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மட்டுமே உள்ள கேமராவை முழு விலைக்கு விற்றிருக்கிறார்கள். ஆட்டோஃபோகஸ் கதையும் இப்படித்தான். உண்மையான ஆட்டோஃபோகஸ் கேமரா என்றால் பெரும்பாலும் கட்டுப்பாடுகள் வரிசையில் ஃபோகஸ் என்று ஒன்று வரும். இதில் வெளிச்சம், நிறம் போன்றவை மட்டும். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, ஃபோகஸ் வேண்டுமானால் கையால்தான் திருக வேண்டும்.

மடிக்கணினியையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி என் திரையைப் பார்க்கவே மறுத்துவிட்டார். கடையின் விண்டோஸ் கணினியில் செருகி, பெட்டியோடு வந்த மென்பொருளை ஏற்றி, "பாருங்க, 1080 வருது. லினக்ஸ்ல கொறைச்சுக் காட்டுது" என்றார். உண்மைதான், அந்த மென்பொருளின் பட்டியலில் 1920×1080 இருந்தது. ஏமாற்றின் நடு முடிச்சு இதுதான். கேமரா அனுப்புவது 640×480 படம், விண்டோஸ் மென்பொருள் அதை இழுத்துப் பெரிதாக்கி 1080 என்று பெயர் போடுகிறது. பாஸ்போர்ட் படத்தைக் கல்யாண பேனர் அளவுக்கு அடித்த மாதிரி, அளவு கூடுமே தவிர முகத்தில் புதிதாக எதுவும் தெரியாது. லினக்ஸில் அந்த இழுக்கும் மென்பொருள் இல்லை, கேமரா தருவதை அப்படியே காட்டுகிறது. லினக்ஸ் எதையும் குறைக்கவில்லை.

கைப்பையில் இருந்த மருந்துத் துண்டுச்சீட்டை அவருடைய விண்டோஸ் கணினியிலேயே, அவருடைய 1080இலேயே கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "வெளிச்சம் பத்தல டீச்சர்." அப்புறம், 80 வெள்ளி கொடுத்தால் என் மடிக்கணினியில் விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். உரிமம் உண்டா என்று கேட்டேன். "எல்லாரும் போடுறதுதான்" என்றார். போலிக் கேமராவை விற்று, அந்தக் குறையைக் காட்டியே திருட்டு விண்டோஸையும் விற்கப் பார்க்கிறார்கள். தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு தகப்பன், பிள்ளையின் படிப்புக்கு என்று அந்த 80 வெள்ளியையும் கொடுத்துவிட்டுத்தான் வருவார். இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று கடைச் சுவரில் மலாயில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதங்களை ஓர் அறிவிப்புத் தாளால் தள்ளுபடி செய்ய முடியாது. பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அந்த வேலைக்கு உதவ வேண்டும். இல்லையென்றால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்ற பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. பில், பெட்டியின் படம், ஜியூவிசிவியூ பட்டியலின் படம் எல்லாம் இணைத்து மனு போட்டுவிட்டேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு. பெயர் இல்லாத பெட்டிகளை நம்ப வேண்டாம். ஒரே பெட்டியில் இந்த மாதம் ஒரு சில்லு, அடுத்த மாதம் வேறு சில்லு வரும், அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓடியது உங்களுக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது. முகம் தெரிந்தால் போதும் என்றால் லாஜிடெக் சி270 போதும். 720பிதான், ஆனால் பெட்டியில் போட்டதைத் தரும். அதில் ஃபோகஸ் நிலையானது, தாளைக் கிட்டே வைத்தால் மங்கும். என்னைப் போல் தாள் காட்ட வேண்டியவர்கள் சி920 பாருங்கள். 1080பியும் ஆட்டோஃபோகஸும் உண்மையாகவே உண்டு, லினக்ஸில் செருகியதும் ஓடும். நான் இப்போது பயன்படுத்துவது அதுதான். இந்த நிறுவனத்தின் பின்னணி மங்கல், நிறத் திருத்த மென்பொருள்கள் லினக்ஸுக்கு வராது, டியூஷனுக்கு அவை தேவையும் இல்லை.

பட்டியலில் 1920×1080 இருந்தாலும் இன்னொன்றைப் பாருங்கள், ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் என்ற வகையில் அது இருக்கிறதா என்று. யூஎஸ்பி 2இன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். சுருக்காத 1080பி படம் விநாடிக்கு 30 என்றால் 1,000 மெகாபிட் அளவுக்குப் போகும், அந்தக் கம்பியில் நுழையாது. எம்ஜேபெக் இல்லாத யூஎஸ்பி 2 கேமராவில் பெரிய படம் விட்டுவிட்டுத்தான் நகரும். சில போலிகள் கேமராவுக்குள்ளேயே படத்தை இழுத்துவிட்டு, பட்டியலிலும் 1080 என்று பொய் சொல்லும். அதனால் கடைசிச் சோதனை பொடி எழுத்துத் தாள்தான். காசு கொடுப்பதற்கு முன், உங்கள் மடிக்கணினியிலேயே, கடையிலேயே பாருங்கள். திறக்கவே விடாத கடையில் வாங்காதீர்கள்.

அந்தக் கறுப்புப் பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் சனிக்கிழமை மாலை என் டியூஷன் வகுப்புக்கு, பில்லோடு கொண்டு வாருங்கள். பட்டியலைப் படம் எடுத்து, தீர்ப்பாயத்துக்கான மனுவையும் சேர்ந்தே எழுதலாம்.