பெரிய காட்டுக் கத்தி: எஃகுக்கு முன் பிடியைப் பாருங்கள்

காட்டில் முகாமிடுவதற்கென்று மடங்காத பெரிய கத்தி வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது 'என்ன எஃகு?' என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது பிடி. ஓங்கி வெட்டும்போது கத்தி கையை விட்டுப் பறக்கப் பார்க்கும். பிடியின் வடிவமே அதைத் தடுத்துவிட்டால் விரல்கள் தளர்வாக இருக்கலாம். தடுக்காவிட்டால் இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். சற்று நேரத்தில் முன்னங்கை கடுத்து, உள்ளங்கையில் கொப்புளம் எழும்.

இந்த விஷயத்தில் கே-பார் நிறுவனத்தின் பெக்கர் பிகே-9 எனக்கு மிகவும் பிடித்தது. அலகு, அதாவது வெட்டும் தகடு மட்டும் 9 அங்குலம். எடை ஏறக்குறைய அரை கிலோ. ஈத்தன் பெக்கர் வடிவமைத்த பிடி நடுவில் பருத்து, அடியில் கீழ்நோக்கி வளைகிறது. சுண்டுவிரல் அந்த வளைவில் தானாகவே மாட்டிக்கொள்ளும். கையைப் பின்னுக்கு நகர்த்திக் கடைசி மூன்று விரல்களால் பிடித்து வீசினாலும் நழுவாது. அப்படி வீசும்போதுதான் அலகின் முழு நீளமும் வேலை செய்கிறது. குறை, பிடியின் பொருளில். நைலான் வகைப் பிளாஸ்டிக் வழுவழுப்பானது. கை வியர்த்தால் நம்பிக்கை குறைந்துவிடும்.

ஈ.எஸ்.ஈ.ஈ-6 இதற்கு நேர் எதிர். துணி அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் மிக்கார்ட்டா, ஈரத்திலும் கையில் நன்றாகப் பற்றும். ஆனால் பிடியின் பக்கங்கள் தட்டையானவை. நீண்ட நேரம் வெட்டினால் ஓரங்கள் உள்ளங்கையில் உறுத்தும். அலகு 6.5 அங்குலம்தான் என்பதால் வெட்டுவதற்கு இது முதல் தேர்வும் இல்லை. பிடிக்கு முன்னால் ஆள்காட்டி விரல் வைக்க ஒரு குழிவு உண்டு; அங்கே விரலை வைத்துக்கொண்டு நெருப்பு மூட்டச் சிராய் சீவும்போது, பெரிய கத்தி என்பதே மறந்துபோகும்.

சுவீடனின் ஃபால்க்னிவென் ஏ1, குளிர் நாட்டுக்கென்று யோசித்துச் செய்தது. மற்ற இரண்டிலும் பிடியின் விளிம்பு நெடுக எஃகு வெளியே தெரியும். உறைபனியில் வெறுங்கையோடு பிடித்தால் சில்லென்று குத்தும். ஏ1-இல் ரப்பர் போன்ற தெர்மோரன் எஃகை முழுவதுமாகச் சுற்றி மூடியிருக்கிறது. பின்முனையில் மட்டும் கொஞ்சம் எஃகு நீட்டிக்கொண்டிருக்கும். பிடி பழுதானால் எளிதில் மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கே-பாரின் புகழ்பெற்ற அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் கத்தியையும் சிலர் கேட்பார்கள். 1942-இல் போருக்கென்று வந்த அதன் தோல் வளையப் பிடி, பிடித்துப் பார்க்க அருமையானது. மழையில் நனைத்து, மெழுகு தடவாமல் போட்டால் கெட்டுவிடும். வெட்டிப் பிளக்கும் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விறகு பிளப்பதில் நீளம்தான் பேசுகிறது. கத்தியை விறகின் தலையில் வைத்துத் தடியால் அடிக்கும்போது, அடி வாங்க நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டையை பிகே-9 பிளக்கும்; மற்ற இரண்டும் அதில் புதைந்துவிடும். சிறிய கட்டை என்றால் ஏ1-இன் 6 மில்லிமீட்டர் முதுகு ஆப்பு வைத்தாற்போல் விரித்துவிடுகிறது.

அமெரிக்கக் கத்திகளான பிகே-9, ஈ.எஸ்.ஈ.ஈ-6 இரண்டும் 1095 வகைக் கார்பன் எஃகு. கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும், ஆனால் சாதாரணச் சாணைக்கல்லிலேயே கூர் ஏறும். ஏ1-இன் விஜி-10 வகை எஃகு எளிதில் துருப்பிடிக்காது. கூரும் அதிக நாள் நிற்கும். ஆனால் கடினமான கணுவில் மோதினால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சிறு துண்டுகளாக உடைய வாய்ப்பு அதிகம். அதன் வாய் லேசாகப் புடைத்த வடிவம் என்பதால் தட்டைக் கல்லில் தீட்டப் பழக்கம் வேண்டும்.

குளிரும் ஈரமும் உள்ள இடம் என்றால் ஏ1 வாங்குங்கள். வெட்டுவதே முக்கிய வேலை என்றால் பிகே-9 வாங்கி, அதன் நைலான் பிடியைக் கழற்றிவிட்டு மிக்கார்ட்டா பூட்டிக்கொள்ளுங்கள். கே-பாரே அதைத் தனியாக விற்கிறது. திருகுகளைக் கழற்றி மாட்ட அதிக நேரம் ஆகாது.