முதல் கல் எது: ஸ்டில்பைட்டா, அபோபிலைட்டா?

"அண்ணா, ரெண்டும் அழகா இருக்கு, எதை வாங்க?" என்று கல் சேகரிக்கத் தொடங்கும் குன்னூர்த் தம்பி ஒருவர் ஸ்டில்பைட், அபோபிலைட் என்ற இரண்டு படிகக் கற்களின் படம் அனுப்பியிருந்தார். நீலகிரியில் தேடி எடுக்கலாமே என்று நினைக்க வேண்டாம். நம் மலை சார்னோக்கைட் என்னும், குமிழிப் பொந்து இல்லாத கெட்டிப் பாறை. ஸ்டில்பைட் போன்ற, உள்ளே நீர் வைத்திருக்கும் சியோலைட் வகைக் கனிமங்கள் வளர்வது எரிமலைக் குழம்பு உறைந்த பாறையின் குமிழிப் பொந்துகளில். அதற்கு நாசிக், ஜல்காவ், புனே பக்கம்தான் போகணும்.

முதலில் ஒரு குட்டு: அபோபிலைட் சியோலைட்டே இல்லை, அதே பொந்தில் குடியிருக்கும் அண்டை வீட்டுக்காரர். நானும் முதலில் ஏமாந்தவன்தான்.

உருவம்: ஸ்டில்பைட், நடுவில் கட்டிய கதிர்க்கட்டு போல, பெரும்பாலும் பீச் நிறம், வெள்ளை. அபோபிலைட், கூர்முனையோ சதுரத் தலையோ கொண்ட கண்ணாடித் தூண். பக்கங்களில் நீளவாக்கில் கோடுகள். இரண்டிலும் முத்துப் பளபளப்பு உண்டு. ஆனால் அபோபிலைட்டில் அது தட்டையான தலையில் மட்டும். 10 மடங்கு லென்ஸ் போதும்.

கடினம்: மோஸ் அளவில் (கீறலைத் தாங்கும் திறனுக்கு 1 முதல் 10 வரை) ஸ்டில்பைட் 3.5 முதல் 4, அபோபிலைட் 4.5 முதல் 5. இதை நம்பி அபோபிலைட்டைக் கீழே போட்டுவிடாதீர்கள், குறுக்கே சட்டென்று பிளக்கும்.

சுத்தம்: இரண்டுக்கும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும். அமிலம் கூடவே கூடாது. ஈரம் போகட்டும் என்று அடுப்பருகே வைப்பதும் வேண்டாம். இரண்டுமே உள்ளே நீர் வைத்திருப்பவை.

விலை: சிறு துண்டுகள் இரண்டிலும் எட்டும். பச்சை அபோபிலைட் கையைக் கடிக்கும்.

அடையாளம் காணப் பழக ஸ்டில்பைட். ஜன்னலோரம் மின்ன வேண்டுமென்றால் அபோபிலைட். தம்பிக்கு ஸ்டில்பைட்டைத்தான் சொன்னேன். அவர் பச்சையை வாங்கிவிட்டார்.